அவள் ஐசோவில் இருந்தபோது

விமானியின் இருக்கையில் அவள் குமிழைத் திருப்பி இன்டர்காமை மறுபடி எல்லோருக்கும் பொதுவாக்கிய அந்தக் கணத்தில், பின்னால் இருந்த மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸின் தொப்பை குலுங்கும் சிரிப்பு. ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த நோயாளியின், பாதியில் இருமலாகிவிடும் சிரிப்பு. அவருடைய தங்கை வாயைப் பொத்திக்கொண்டு மூக்கால் விடும் சிரிப்பு. மூன்றும் அவளுடைய ஹெட்போனுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

“போதும் கேப்டன், விட்டுடுங்க,” என்றான் நர்ஸ். “சிரிச்சா நெஞ்சு இழுக்குதுங்கறாரு. அப்புறம் டாக்டர் என்னைத்தான் பிடிப்பாரு.”

“நான் என்ன பண்ணேன்?”

“ஆமா, உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது.”

அந்த இரட்டை இன்ஜின் விமானத்தை அவள் பதினோரு வருடமாக ஓட்டுகிறாள். போகும்போது காலி ஸ்ட்ரெச்சரோடு தீவுக்கு, வரும்போது அதில் ஓர் ஆளோடு கரைக்கு. இன்றைக்கு வந்தவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஸ்டியரிங்கின் மேலேயே சாய்ந்துவிட்டார். தங்கை தையல் கடையிலிருந்து அப்படியே ஓடி வந்து, கழுத்தில் இன்ச் டேப்போடு விமானத்தில் ஏறியிருந்தாள். நர்ஸை எல்லோரும் குட்டி என்று கூப்பிடுவார்கள். விமானத்துக்குள் நுழையும்போது மடித்த கத்திபோல் குனிய வேண்டிய உயரம் அவனுக்கு. ஆறு வருடமாக அவளோடு பறக்கிறான். அவளை வம்புக்கு இழுக்காமல் அவனுக்கு ஒரு பயணம் முடியாது.

அதனால் அப்போதைக்கு அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கை குமிழிலேயே நின்றது.

அந்த விமானத்தின் இரைச்சலில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதற்காகத்தான் நான்கு பேருக்கும் நான்கு ஹெட்போன், வாயருகே வளைந்து நிற்கும் மைக், சுவரில் சொருகிய கறுப்பு ஒயர். குமிழ் பொதுவில் இருந்தால் நால்வரும் பேசிக்கொள்ளலாம். ஐசோவில் வைத்தால் விமானி தனி. அவள் காதில் ரேடியோ மட்டும். அவள் பேசுவது கட்டுப்பாட்டு அறைக்கு மட்டும். பின்னால் அவர்கள் தங்களுக்குள் எதை வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். அது இவளுக்கு வராது, இவள் பேச்சு அங்கே போகாது. கட்டுப்பாட்டு அறை முக்கியமாக எதையாவது சொல்லும்போது, பின்னாலிருந்து யாராவது தண்ணீர் கேட்டு அதைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு.

கரையோரம் மேகம் கறுத்துக்கொண்டு வருவதாகத் தகவல் சொன்னார்கள். அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளத்தான் ஐசோவில் போட்டாள். ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடமும் அவர்களைப் பொறுத்தவரை அவள் ஊமை.

“கேப்டனம்மா,” என்றாள் தங்கை. சிரிப்பெல்லாம் வடிந்து குரல் இப்போது தாழ்ந்திருந்தது. “நீங்க ஒண்ணு சொன்னீங்களே, அத மனசுல வெச்சுக்காதீங்க. அப்பான்னா அப்படித்தான். போன் எடுக்கலன்னு எந்த அப்பாவும் பொண்ண தப்பா நெனைக்க மாட்டாரு.”

அவள் குமிழிலிருந்து கையை எடுத்தாள்.

ஒன்பது வருடத்துக்கு முன், கிளம்பத் தயாராக ஓடுதளத்தின் முனையில் நின்றபோது, சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். அப்பா. அணைத்துவிட்டுக் கிளம்பினாள். இறங்கியபோது அவர் இல்லை. அந்த ஓர் அழைப்பைப் பற்றி அவள் அம்மாவிடம் சொன்னதில்லை, கணவரிடம் சொன்னதில்லை. குட்டிக்குத் தெரியாது. உலகத்தில் யாருக்குமே தெரியாது.

“உங்ககிட்ட இத யாரு சொன்னா?”

“நீங்கதாம்மா. இப்ப.”

*

முதல் மேகத்துக்குள் நுழைந்தார்கள். வெளிச்சம் பால் கலந்ததுபோல் வெளிறிப் பிறகு சாம்பலாகி, இறக்கையின் நுனி மறைந்து, நடு மறைந்து, கடைசியில் இன்ஜினுக்கு அந்தப் பக்கம் உலகமே இல்லாமல் போயிற்று. கண்ணாடியில் ஈரம் கோடு கோடாகப் பின்னோக்கி ஓடியது. ஸ்பிரிட் வாசனையும் ஆக்சிஜன் குழாயின் ரப்பர் வாசனையும், அவற்றுக்கு அடியில் சூடான ஒயரின் மெல்லிய கருகலும் அவள் மூக்கைத் தொட்டன. பகல் பதினொரு மணி. விளக்குப் போட வேண்டியிருந்தது.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். இன்டர்காம் பெட்டியில் ஏதோ கோளாறு, வேறு எங்கோ பேசுகிற பேச்சு இதில் கலக்கிறது, அவ்வளவுதான். அப்பா விஷயம் மட்டும் அந்தக் கணக்கில் அடங்கவில்லை. அதைத் தள்ளிவைத்தாள்.

தலைக்கு மேல், பின்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதில் மூன்று பேரும் தெரியும்படி திருப்பிக்கொண்டாள். தன் உதடுகளைப் பற்களுக்கிடையே அழுத்திப் பிடித்துக்கொண்டாள், ரத்தம் சுவைக்கிற அளவுக்கு. பிறகு குமிழை ஐசோவுக்குத் திருப்பினாள்.

பின்பக்கத்தின் சத்தம் கதவைச் சாத்தியதுபோல் நின்றது. ரேடியோவின் இரைச்சல் மட்டும்.

கண்ணாடியில் குட்டி சட்டென்று தலையைச் சாய்த்தான். பேசும் குரலைக் காது கொடுத்துக் கேட்கிறவனின் சாய்ப்பு. அவளுடைய முதுகைப் பார்த்தான். ஏதோ கேட்டான். பதிலுக்குக் காத்திருந்தான். தங்கையும் தலையைச் சாய்த்தாள், அதே பக்கம், அதே அளவு. குட்டி தயங்கினான், மறுபடி எதையோ கேட்டான், பிறகு சரி என்பதுபோல் தலையசைத்து, எழுந்து, நோயாளியின் தலைமாட்டில் இருந்த ஆக்சிஜன் சிலிண்டரின் திருகை மூடினான்.

அவள் குமிழை வெடுக்கென்று திருப்பினாள்.

“குட்டி, ஏன் மூடுற? தொற. மொதல்ல தொற.”

“என்ன கேப்டன், நீங்கதான மூடச் சொன்னீங்க.” கை அதற்குள் திருகைத் திறந்துகொண்டிருந்தது. “தாழ வந்தாச்சு, இனி தேவைப்படாது, மிச்சம் பிடின்னீங்க. ரெண்டு தடவ கேட்டேன், நெசமாவான்னு. ரெண்டு தடவையும் ஆமான்னீங்க.”

“நான் பேசவே இல்ல.”

அவன் கண்ணாடியில் அவள் கண்ணைத் தேடினான்.

“நான் ஐசோல இருந்தேன் குட்டி. வாயத் தொறக்கல. உங்ககிட்ட பேசினது நான் இல்ல.”

“உங்க குரல் எனக்குத் தெரியாதா கேப்டன்?”

“அதனாலதான் சொல்றேன். மூணு பேரும் ஹெட்போன கழட்டுங்க. தரைல இறங்கற வரைக்கும் யாரும் போட வேணாம்.”

தங்கை உடனே கழற்றினாள். கழற்றிய வேகத்தில் முகம் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டாள். நோயாளி கழற்றவில்லை. அவர் கண்ணை மூடியிருந்தார். குட்டி மைக்கை வாயருகே இழுத்து, நோயாளிகளிடம் பேசுகிற குரலில் பேசினான். அந்தக் குரலை அவன் அவளிடம் இதுவரை எடுத்ததில்லை.

“கேப்டன், உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு? தல கிறுகிறுன்னு ஏதாவது?”

“எனக்கு ஒண்ணுமில்ல.”

“காலைல சாப்டீங்களா?”

“குட்டி, நான் சொல்றத நம்பு.”

“நம்பறேன். ஆனா இத கழட்டிட்டா, நீங்க கூப்பிட்டா எனக்கு எப்படிக் கேக்கும்? இவருக்கு ஏதாவது ஆனா நான் உங்ககிட்ட எப்படிச் சொல்றது? அது மட்டும் வேணாம்.” ஒரு நொடி விட்டு, மெதுவாக, “நீங்க அந்தக் குமிழத் தொடாம இருங்க. போதும்,” என்றான்.

அது நியாயமாகத்தான் பட்டது. அவள் ஒரு சிவப்பு ஒட்டுநாடாவைக் கிழித்துக் குமிழின்மேல் ஒட்டினாள். கட்டுப்பாட்டு அறையின் பேச்சும், பின்னாலிருந்து நோயாளியின் கரகரத்த மூச்சும், குட்டி நாடித்துடிப்பை எண்ணும் முணுமுணுப்பும் ஒன்றாகவே காதில் விழட்டும். தொந்தரவாக இருந்தாலும் அந்தச் சத்தத்தில் ஒரு தெம்பு இருந்தது. அவளால் அவர்களைக் கேட்க முடிகிறவரை, அவர்களிடம் வேறு எதுவும் பேச முடியாது. அப்படித்தான் அவள் நம்பினாள்.

ஓடுதளத்துக்கு இன்னும் பதினெட்டு நிமிடம்.

*

மின்னல் சத்தமில்லாமல் விழுந்தது. மேகம் முழுவதும் உள்ளிருந்து ஒருமுறை வெள்ளையாக எரிந்து அணைந்தது. முன்பலகையின் திரைகள் ஒவ்வொன்றாக, யாரோ வரிசையாக நடந்து வந்து அணைப்பதுபோல், இடமிருந்து வலமாக இருண்டன. தானாக ஓட்டும் கருவி விடுபட்டது. விமானம் உடனே இடது பக்கம் சாயத் தொடங்கியது. அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினாள். இன்ஜின்கள் ஓடின. மின்சாரம் இல்லை. காற்றில் ஓடும் மூன்று பழைய முள் கருவிகள் மட்டும் உயிரோடிருந்தன: சாய்மானம், உயரம், வேகம். அவற்றின்மேல் வெளிச்சம் விழ, கைவிளக்கைப் பல்லில் கடித்துப் பிடித்துக்கொண்டாள்.

கையை எடுத்தால் சாயும். ஒரு நொடி எடுத்தாலும் சாயும்.

ஹெட்போனில் ஒன்றுமே இல்லை. இன்டர்காம் செத்துவிட்டது. நோயாளியின் மூச்சு இல்லை, குட்டியின் முணுமுணுப்பு இல்லை.

இதற்கென்று ஒரு சுவிட்ச் உண்டு. பலகையின் ஓரத்தில், மூடி போட்டு, எமர்ஜென்சி என்று எழுதியது. அதைத் தட்டினால் இன்டர்காம் பெட்டியையே சுற்றிக்கொண்டு, விமானியின் ஹெட்போன் நேராக ஒரே ஒரு ரேடியோவோடு போய்ச் சேரும். அந்த ரேடியோவுக்கு மட்டும் தனி பேட்டரி. பின்பக்கத்து ஹெட்போன்கள் அதில் கிடையாது. அவை வெறும் பிளாஸ்டிக், பஞ்சு.

சுவிட்சைத் தட்டியபோது அவளுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அவர்களிடம் இனி எந்தக் குரலும் பேச முடியாது. பெட்டிக்கே உயிர் இல்லை.

ரேடியோ கரகரத்து உயிர்பெற்றது. கைவிளக்கைக் கடித்தபடியே தன் நிலையைச் சொன்னாள். மின்சாரம் போய்விட்டது, மேகத்துக்குள் இருக்கிறேன், நேராக இறங்க வழி வேண்டும். கட்டுப்பாட்டு அறையின் ஆள் இளவயதுக்காரன். குரல் பதறாமல் இருக்க முயற்சி செய்தது.

“கேக்குது. உங்களுக்கு வழி ஒதுக்கிட்டோம். விமானத்துல எத்தன பேருன்னு சொல்லுங்க.”

அவள் ஸ்டியரிங்கில் இருந்த பேசும் பொத்தானை அழுத்தினாள். வாயைத் திறந்தாள்.

“ஒருத்தர்,” என்றது அவளுடைய குரல். “நான் மட்டும்தான்.”

அவள் பேசவில்லை. வாய் திறந்திருந்தது, கைவிளக்கு மடியில் விழுந்திருந்தது, நாக்கு அசையவே இல்லை. அவள் குரல். ஒரு நீண்ட நாளின் முடிவில், இறங்கிய பிறகு, சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும்போது வருகிற அவளுடைய சோர்ந்த, நிதானமான குரல்.

“நாலு பேர்,” என்று கத்தினாள். “நாலு பேர் இருக்கோம், ஒருத்தர் நோயாளி.”

“ஒருத்தர். குறிச்சுக்கிட்டேன்,” என்றான் அவன்.

“இல்ல. நாலு. கேக்குதா? நாலு.”

“நல்லாக் கேக்குது. அப்படியே நேரா வாங்க.”

அவனுக்கு அவள் குரல் கேட்கவில்லை. அந்த இன்னொரு குரல்தான் அவனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. உயரம் சொன்னது, திசை சொன்னது. எல்லாம் சரியாக. அவள் கண்முன் முள் காட்டிய அதே எண்கள், அவள் படிப்பதற்கு ஒரு கணம் முன்னால்.

அவள் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள்.

தங்கை மறுபடி ஹெட்போனைப் போட்டிருந்தாள். மூன்று தலைகளும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. படுத்திருந்தவருடையதும். கண் திறந்திருந்தார். மூவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உயிரற்ற ஒயரில். மெதுவாக, சேர்ந்து, தலையசைத்தார்கள்.

குட்டி தன் பெல்ட்டை அவிழ்த்தான்.

“வேணாம்,” என்றாள். பிறகு ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் திரும்பிக் கத்தினாள். இரைச்சல் அவள் வார்த்தையை வாயிலேயே தின்றது. தலையை இடமும் வலமும் ஆட்டினாள். ஒரு கையை எடுத்து வேண்டாம், உட்கார் என்று காட்டினாள். விமானம் சரிந்தது. கையைத் திரும்ப வைத்தாள். எடுத்தாள். சரிந்தது. வைத்தாள்.

தங்கை அவளைப் பார்த்தாள். புரிந்துவிட்டது என்று கட்டைவிரலைக் காட்டினாள். கண்ணில் நன்றி.

அவள் தன் குறிப்பெழுதும் பலகையை எடுத்துப் பின்னால் வீசினாள். குட்டியின் தோளில் பட்டது. அவன் குனிந்து அதை எடுத்தான். காகிதம் கசங்கியிருந்ததை நீவிவிட்டான். இருக்கையில் ஒழுங்காக வைத்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான், இரக்கமாக, அவளுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தவன் சிரிப்பதுபோல. பிறகு ஸ்ட்ரெச்சரின் வாரை அவிழ்த்தான். முதல் வார். இரண்டாவது. ஆக்சிஜன் முகமூடியை நோயாளியின் முகத்திலிருந்து, தூங்கும் குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல், மெல்ல எடுத்தான்.

அவள் விமானத்தை வேண்டுமென்றே வலது பக்கம் சாய்த்தாள். இடது பக்கம். மூக்கை இறக்கினாள். விழட்டும், உருளட்டும், அடிபட்டாவது உட்காரட்டும். குட்டி மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். நெரிசலில் பிரேக் போடும் பேருந்தில் நிற்பவன்போல. நிமிர்ந்ததும் மறுபடி வேலையைத் தொடர்ந்தான்.

காலடியில் கிடந்த ஹெட்போனில் அவள் குரல் பேசிக்கொண்டே இருந்தது. இங்கிருந்தே கேட்டது. இவ்வளவு இரைச்சலிலும்.

“பயப்படாதீங்க. இறங்கியாச்சு. வண்டி நின்னுடுச்சு. படி போட்டிருக்காங்க. மெதுவா, ஒவ்வொருத்தரா.”

குட்டி சரக்குக் கதவின் கைப்பிடியைப் பிடித்தான்.

அவள் இருக்கையை விட்டு எழுந்தாள். போகட்டும். விமானம் போகட்டும். பெல்ட்டை அவிழ்த்து, இருக்கைகளின் இடையில் உடம்பைத் திணித்து, ஒரு அடி, இரண்டு அடி. தரை சுவரானது. அவள் முன்பலகையின்மேல் வந்து விழுந்தாள். உயரமுள் சுழன்றது. ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்து இழுத்தாள். அழுதுகொண்டே இழுத்தாள். நிமிர்ந்தது. கண்ணாடியில் பார்த்தபோது கதவு திறந்திருந்தது.

வெள்ளை. கதவு அளவுக்கு வெள்ளை. உள்ளே குளிர் பாய்ந்தது. காகிதங்கள் பறந்தன.

தங்கைதான் முதலில். பேருந்திலிருந்து இறங்குகிறவள்போல ஒரு கையால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, எங்கே காலை வைப்பது என்று கீழே பார்த்தாள்.

பிறகு வைத்தாள்.

குட்டி நோயாளியை இரண்டு கையிலும் ஏந்தினான். வாசலில், பழக்கத்தில், தலை இடிக்காமல் குனிந்தான். திரும்பிப் பார்த்தான். உதடு அசைந்தது. கேப்டன் என்றானா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

வாசல் காலியாயிற்று.

அவள் விமானத்தைச் சாயாமல் பிடித்தாள். பிடிப்பதைத் தவிரக் கைகளுக்கு வேறெதுவும் தெரியவில்லை. கண்ணாடியை மட்டும் பார்த்தாள். காலி இருக்கை. காலி ஸ்ட்ரெச்சர். சுவரிலிருந்து கறுப்பு ஒயர்கள் மூன்று கதவை நோக்கிப் போயிருந்தன. கதவைத் தாண்டி வெளியே போயிருந்தன. அவை காற்றில் ஆடவில்லை. சுவரிலிருந்து பிடுங்கிக்கொள்ளவும் இல்லை. மூன்றும் விறைப்பாக நின்றன, இழுத்துக் கட்டியதுபோல.

மேகம் மெலிந்தது. சாம்பல் வெளுத்தது. இறக்கையின் நடு தெரிந்தது, நுனி தெரிந்தது. அவள் பக்கத்துச் சன்னலைப் பார்க்காதே என்று தனக்குச் சொன்னாள்.

பார்த்தாள்.

இறக்கைக்குப் பின்னால், விமானத்தின் அதே உயரத்தில், ஒயர்களின் முனையில் மூன்று பேரும் வந்துகொண்டிருந்தார்கள். கைகளும் கால்களும் கொடியில் உலர்த்தப் போட்ட துணிபோல் காற்றில் அடித்துக்கொண்டன. தலைகள் மட்டும் அசையாமல் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து நின்றன. எதையோ கேட்டுக்கொண்டு. பிறகு மூன்றும், மெதுவாக, ஒன்றாக, சரி என்று தலையசைத்து, அவள் பக்கம் திரும்பின.